வேகத்தைக் குறைக்காத தம்பி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன வாரம் ஒரு இணைய மன்றத்தில் யாரோ கேட்டிருந்தார்: "ஓவர்க்ளாக் பண்ணின வேகம் குறையாம ரேமை எப்படிக் கூட்டறது?" பதில் எனக்குத் தெரியும். தட்டத் தொடங்கினேன். மூன்றாவது வரியில் கை நின்றுவிட்டது. அனுப்பாமல் விட்ட அந்தப் பதிலின் மிச்சம்தான் இது.

(தெரியாதவர்களுக்கு: கணினி ஒரு வேலையைச் செய்யும்போது தேவையானதையெல்லாம் பரப்பி வைத்துக்கொள்ளும் மேசைதான் ரேம். ஓவர்க்ளாக் என்பது, தயாரித்தவன் சொன்ன வேகத்துக்கு மேல் ஓட்டுவது. ஓடும். எதுவரை ஓடும் என்று பார்ப்பதில்தான் எங்களைப் போன்ற கிறுக்கர்களுக்குச் சந்தோஷம்.)

2

முதல் தொடக்கம்: "எனக்கு ஒரு நண்பன் இருந்தான். அவனிடம் ஒரு கணினி" — அழித்துவிட்டேன். அப்படி நண்பன் எவனும் இல்லை.

இரண்டாவது: "அன்று காலையிலிருந்தே மின்சாரம் போவதும் வருவதுமாக" — பச்சைப் பொய். மின்சாரம் ஒழுங்காகத்தான் இருந்தது. பழி போட ஆள் தேடி, யாரும் சிக்காமல் மின்சாரத்தைப் பிடித்திருக்கிறேன், வெட்கங்கெட்டவன்.

மூன்றாவது: "என் அக்கா ஒரு படம் எடுத்தாள்." இது நிற்கட்டும்.

3

ஆவணப்படம். அந்தக் காலத்துத் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்த பதினோரு பெண்களைத் தேடிப் பிடித்து, எட்டு மாதம் அலைந்து பேட்டி எடுத்தாள். எல்லாருக்கும் எழுபதுக்கு மேல். நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருந்தோம். எடிட்டிங் என் கணினியில்.

"டேய், ரெண்டு வீடியோவைத் திறந்தாலே உன் கம்ப்யூட்டர் திணறுதுடா. ஏதாவது பண்ணு."

"ரேம் பத்தல. இன்னும் ரெண்டு போட்டா சரியாயிடும்."

"போட்டா வேற எதுவும் கெட்டுடாதே?"

"அக்கா, யார்கிட்ட கேக்கற?"

[இங்கே "என்று புன்னகைத்தேன்" என எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். நான் திரையிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.]

ஏற்கெனவே இருந்த இரண்டைப் போலவே இன்னும் இரண்டு வாங்கிச் செருகினேன். அதே கம்பெனி, அதே எண். ஆனால் இரண்டு தாங்கும் வேகத்தை நான்கு தாங்குவது கஷ்டம். ஒன்று, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஜோடியாகச் சோதித்து விற்கும் பெரிய இரண்டைப் போட வேண்டும். இல்லையென்றால் வேகத்தை ஒரு படி இறக்க வேண்டும். யார் கணினி அதிக வேகம் என்று மன்றத்தில் ஒரு பட்டியல் இருந்தது. அதில் நான் ஏழாம் இடம். நான்கையும் அதே வேகத்தில் ஓட்டிக் காட்டினால் ஐந்தாம் இடம். இறக்க மனசு வரவில்லை. வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றினேன். கணினி எழுந்து நின்றது.

ரேம் எதையாவது பிழையாக வைத்துக்கொள்கிறதா என்று பார்க்கும் சோதனை எட்டு மணி நேரம் ஓட வேண்டும். எங்கள் கூட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விதி அது. நான் நாற்பதாவது நிமிடத்தில் நிறுத்தினேன். அக்கா கேமரா கார்டுகளோடு அறை வாசலில் நின்றிருந்தாள்.

"ஆச்சாடா?"

"ஆச்சு. போட்டுக்கோ."

4

எல்லாப் பேட்டிகளையும் கணினியில் ஏற்றினாள். அங்கிருந்து ஹார்ட் டிஸ்கில் இன்னொரு பிரதி எடுத்தாள். இரண்டைத் திறந்து பார்த்தாள், நன்றாக இருந்தன. அடுத்த படப்பிடிப்புக்கு வேண்டுமென்று கார்டுகளை அழித்தாள்.

பத்து நாள் கழித்து மற்றவற்றைத் திறந்தாள். முகங்கள் சதுரம் சதுரமாக உடைந்தன. குரல் வரவேண்டிய இடத்தில் கிறீச்சென்று ஒரு சத்தம். ஒன்பது பேட்டிகள் போயின. பிரதியும் அதே ரேம் வழியாகப் போனதுதானே, அதுவும் அப்படியே.

"ஒவ்வொண்ணா திறந்து பார்த்திருக்கணும்டா. அவசரப்பட்டு அழிச்சுட்டேன். எட்டு மாசம்டா!"

அவள் வெளியே போன நேரத்தில் சோதனையை முழுதாக ஓட விட்டேன். மூன்றாவது மணியில் பிழைகள் சிவப்பு வரிகளாக வந்தன. வேகத்தை ஒரு படி இறக்கினேன். மறுபடி ஓட்டினேன். ஒரு பிழையும் இல்லை. ஒரு நிமிட வேலைக்கு இரண்டு விநாடி கூடியது. அவள் கவனிக்கவே இல்லை.

திரும்பி வந்து கேட்டாள். "எதனாலடா இருக்கும்?"

"கார்டு பழசு இல்ல..."

[அதற்கு அடுத்த வாக்கியம்: அக்கா, நான்தான் — வாய் வரைக்கும் வந்தது. மென்று விழுங்கிவிட்டேன்.]

மறுபடி எடுக்கப் போனாள். அதற்குள் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். ஒருவருக்கு அக்காவையே அடையாளம் தெரியவில்லை. இன்னொருவர், "அதான் எல்லாத்தையும் சொல்லிட்டேனேம்மா" என்றாராம். அதோடு படத்தை விட்டாள். ஆறு வருடமாக ஒரு நிறுவனத்தில், தீயணைப்புக் கருவியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்பது போன்ற பயிற்சிப் படங்களை எடிட் செய்கிறாள். எதையும் மூன்று பிரதி எடுக்கிறாள். வீட்டைப் பூட்டினால் இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறாள். அவளை அப்படி ஆக்கியது நான்.

5

முடிவுகள்.

அ) உண்மையைச் சொல்கிறேன். அவள் சிரித்து, "எனக்கு அப்பவே தெரியும்டா" என்கிறாள். எனக்கு எவ்வளவு வசதி பாருங்கள். வேண்டாம்.

ஆ) பரணில் ஒரு பழைய டிஸ்க், அதில் ஒன்பது பேட்டிகளும் — சீ.

இ) அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிடுகிறாள். இதை மூன்று பக்கம் எழுதினேன், கண்ணீரெல்லாம் விட்டு. படித்துப் பார்த்தால் தண்டனையையும் நானே எனக்குப் பிடித்த அளவில் தைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

மூன்றிலும் அவளுக்காக நானே முடிவெடுக்கிறேன். அந்தப் புத்தி இன்னும் போகவில்லை.

6

இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போது அக்கா உள்ளே வந்துவிட்டாள். விடுமுறைக்கு வந்திருக்கிறாள்.

"என்னடா எழுதற?"

"அந்தப் பேட்டிங்க போன கதை."

அவள் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு, "நான் கார்டை அழிச்ச கதையா? எழுது, எழுது. நாலு பேரு படிச்சுப் புத்தி வரட்டும்" என்றாள்.

"உட்காருக்கா. படிச்சுக் காட்டறேன்."

"இப்பவா? அடுப்புல பால் இருக்குடா."

"அணைச்சுட்டு வா."

போயிருக்கிறாள். வந்ததும் முதல் பகுதியிலிருந்து படிக்கப்போகிறேன். நீங்கள் இதை அச்சில் பார்க்கிறீர்கள் என்றால், முழுதும் படித்துக் காட்டிவிட்டேன், அச்சுக்குக் கொடுக்க அவள் சம்மதித்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் அவள் என்ன சொன்னாள் என்று கேட்காதீர்கள். எழுத மாட்டேன். அவளிடமிருந்து ஒன்பது பேர் பேசியதை எடுத்துக்கொண்டேன். இதையாவது அவளிடமே விட்டுவிடுகிறேன்.