கதவுக்கு நாலு கால்

தச்சருக்குப் பிடிவாதம் ஒன்றே ஒன்றுதான். ஆனால் அது வீடு கொள்ளாத அளவு. இன்னும் ஓயாத சண்டைக்குப் பயந்து சொந்த ஊரைவிட்டு ஓடிவந்து பதினோரு வருஷமாகியும், இந்த வாடகை வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடித்ததில்லை. ஊருக்கெல்லாம் அலமாரி செய்கிறவர் வீட்டில் துணிமணி பெட்டியில் கிடந்தது. காலண்டர் தரையில் உட்கார்ந்திருந்தது.

“போகப்போறவங்களுக்கு எதுக்கு ஆணி?” என்பார்.

இதற்கெல்லாம் உச்சம் அந்தக் கதவு. பழைய வீட்டு வாசற்கதவு எரிந்துபோனதால், திரும்பிப் போய் மாட்டுவதற்கென்று வந்த வருஷமே புதிதாக ஒன்று செய்து முடித்துவிட்டார். பூட்டுக்குத் துளைகூடப் போட்டாயிற்று. அன்று முதல் அது ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றது. அவர் மனைவி தையல்காரி. பட்டப்பகலில் விளக்குப் போட்டு ஊசியில் நூல் கோத்தாள். கதவைத் திட்டாத நாளில்லை.

ஆனால் இந்த வாரம் பிரச்சினை வேறு. கண் மருத்துவமனையில் சீட்டு எழுதும் அவர்கள் மகளை, லிஃப்ட் பழுதுபார்க்கும் பையன் ஒருவன் பெண் கேட்டிருந்தான். மகளுக்கும் அவன்மேல் உயிர். அடுத்த மாதம் அவனுக்கு வெளியூர் மாற்றல். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டார் பேச வருகிறார்கள். தச்சரோ, “கல்யாணம்னா நம்ம ஊர் சர்ச்சுலதான்” என்று ஒற்றைக்காலில் நின்றார்.

அவருக்கு ஆதாரம் வேதப்புத்தகம். பாபிலோனுக்குச் சிறைபோனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதத்தில், கர்த்தர் அவர்களைத் திரும்பக் கொண்டுவருவார் என்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். தினமும் காலையில் நேரே அந்தக் கோட்டில்தான் போய் இறங்குவார்.

சனிக்கிழமை, அப்படி என்னதான் எழுதியிருக்கிறது என்று தையல்காரி அந்தக் கடிதத்தை முதலிலிருந்து படித்தாள். படித்தவள், புத்தகமும் கையுமாகப் பட்டறைக்கே போய்விட்டாள்.

“ஏங்க, இதை முழுசாப் படிச்சிருக்கீங்களா?”

“எனக்கு மனப்பாடம்.”

“உங்க கோடுதான் மனப்பாடம். அதுக்கு மேல இருக்கிறதைப் படிங்க.”

தச்சர் மரத்தூளை ஊதிவிட்டுக் கண்ணாடியை மாட்டினார். போன இடத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பெண்களைக் கட்டிக்கொடுங்கள் என்று அதே தீர்க்கதரிசிதான் சொல்லியிருந்தார். திரும்பி வர எழுபது வருஷம் ஆகும் என்றும்.

“எழுபதா!”

“இன்னும் அம்பத்தொம்பது பாக்கி. உங்க பொண்ணுக்கு அப்ப எண்பத்தாறு.”

“அது அவங்களுக்குச் சொன்னது.”

“அப்ப திரும்பி வர்றது மட்டும் நமக்குச் சொன்னதா?”

தச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் புத்தகத்தை மூடினாள்.

“எனக்கும்தாங்க ஊர் வேணும். அதுக்காக அவ வாழ்க்கையையும் பெட்டியில கட்டி வைக்காதீங்க.”

அவர் இழைப்புளியை எடுத்துப் பலகையை இழைக்கத் தொடங்கினார். அவள் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள்.

மறுநாள் காலை, “நீங்க போங்க, எனக்கு வேலை இருக்கு” என்று தச்சர் ஆராதனைக்குக்கூட வரவில்லை. ஆள் தலைமறைவாகத்தான் போகிறார் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். சர்ச்சிலிருந்து மகளோடு திரும்பியவள் வாசலிலேயே நின்றாள். வீடு முழுக்க வெயில். கதவு நடு அறையில் படுத்திருந்தது, நாலு காலோடு. அடியிலிருந்து தச்சரின் தலை எட்டிப் பார்த்தது.

“எட்டுப் பேர் தாராளமா சாப்பிடலாம்.”

“ஆணியா அடிச்சீங்க?”

“யார் அடிச்சா? எல்லாம் திருகாணி. போற அன்னைக்குக் காலைக் கழட்டிட்டா கதவு கதவாவே வந்துடும்.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மகள் அப்பாவின் தோளில் இருந்த மரத்தூளைத் தட்டிவிட்டாள். தட்டி முடித்தும் கையை எடுக்கவில்லை.

சாப்பிடும்போது பையனின் அம்மா மேஜை ஓரத்தைத் தடவிப் பார்த்தார். “இதென்ன ஓட்டைங்க?”

“சாவி போடுற இடம். இது எங்க வீட்டு வாசற்கதவு” என்றார் தச்சர். “வாசலுக்கே வந்துட்டீங்க, தேதியைச் சொல்லுங்க.”