நாலாவது வரி

என் தங்கை பழைய அச்சகக் கூடம் ஒன்றில் ஒரு கூத்து வைத்திருந்தாள். நிகழ்த்துகலை என்று சொல்ல வேண்டுமாம். ஒரு பாய், எதிரே நாற்பது நாற்காலிகள். சின்ன வயதில் எங்கள் வீட்டில் தினம் சாயங்காலம் சொன்ன பிரார்த்தனையை அவள் பாயில் உட்கார்ந்து சொல்வாள். பார்க்க வந்தவர்களில் யார் வேண்டுமானாலும் "முதல்லேருந்து" என்று சொல்லலாம். உடனே அவள் மறுபடி தொடங்க வேண்டும். அப்பா எங்களை அப்படித்தான் ஆட்டிவைப்பார். பதினோரு வரியில் ஒரு சொல் பிசகினாலும் முதல்லேருந்து.

கால் கழுவின ஈரத்தோடு ஒரே பாயில் அப்பா, அம்மா, நாங்கள் இரண்டு பேர் என்று நாலு பேரும் நெருக்கிக்கொண்டு உட்காருவோம். தங்கை சிரிப்பை அடக்க முடியாமல் என் தோளில் முகத்தைப் புதைப்பாள். திட்டு வாங்கினதுகூட இப்போது நினைத்தால் இனிக்கிறது. எனக்குக் கிறுக்குதான்.

இனிமேல் பிரார்த்தனை சொல்ல மாட்டேன் என்று சண்டை போட்டு அவள் வீட்டை விட்டுப் போய் ஆறு வருஷம். அம்மாவின் சாவில்கூட அவளும் அப்பாவும் பேசிக்கொள்ளவில்லை.

"அப்பாவ எப்படியாவது கூட்டிட்டு வாக்கா. அவர் கேட்கணும்" என்று போனில் கெஞ்சினாள். கண்ணாடி மாற்றப் போகலாம் என்று பொய் சொல்லி அழைத்து வந்துவிட்டேன். அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டால் இந்த ஜென்மத்துக்கு ஒட்டாது.

கூட்டத்துக்கு விளையாட்டு பிடித்துவிட்டது. தப்பே இல்லாத இடத்திலும் "முதல்லேருந்து" என்றார்கள். முன்வரிசையில் ஒரு ஆள் அதற்கென்றே டிக்கெட் வாங்கினவன்போல விடவேயில்லை. பளாரென்று ஒன்று வைக்கலாமா என்று கை துறுதுறுத்தது. அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒன்பதாவது தடவை, நாலாவது வரியில் நிஜமாகவே நின்றுவிட்டாள்.

அப்பா எழுந்தார். வாசல் பக்கம் போகவில்லை. பாய்க்குப் போய், முட்டியைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சரியாத்தான் சொல்ற. மேல சொல்லு."

"இல்லப்பா. நாலாவது வரி மறந்துபோச்சு."

"எனக்கு அது எப்பவுமே வராதும்மா. உங்கம்மா வாயப் பாத்து வாயசைப்பேன். நீங்க தப்பு விட்டா அவ மூஞ்சியிலயே தெரிஞ்சுடும். அவ போனதுலேருந்து நானும் சொல்றதில்ல."

தங்கை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அந்த வரி தெரியும். நாற்காலியிலிருந்தே சொன்னேன். அழுகையில் பாதி சொல் உடைந்து வந்தது. இரண்டு பேரும் என் வாயைப் பார்த்து அதை அப்படியே திருப்பிச் சொன்னார்கள்.