செரிக்காத நாய்

செம்புக் கம்பி விலை ஏறிய வாரத்தில், மலையடிவாரத் தெருவில் ஒரு சிறுத்தையின் வயிற்றுக்குள்ளிருந்து நாய் குரைத்தது. முதலில் கேட்டவர் பால்காரர். இரண்டு குரைப்பு, பின்னால் ஒரு தும்மல். கேனைக் கீழே வைத்து, "இது நம்ம கட்டையன் குரலாச்சே" என்றார்.

கட்டையன் மோட்டார்க்காரியின் நாய். எரிந்துபோன தண்ணீர் மோட்டார்களைப் பிரித்துப் புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் பூசிக் கொடுப்பது அவள் தொழில். முன்னறை கடை, பின்னறை வீடு. நாய் அவள் மேசைக்கடியில் கம்பிச் சுருள்களுக்கு நடுவே கிடந்து வளர்ந்தது. வார்னிஷ் நெடி அதற்கு ஆகாது. ஆனாலும் அவள் காலடியை விட்டு நகராது. அதனால் இரண்டு தடவை குரைத்தால் ஒரு தடவை தும்மும். அந்தத் தும்மலைக் கேட்டுத்தான் அவள் வார்னிஷ் டப்பாவை மூடுவாள்.

அதற்கு முந்தின வாரம் ஒரு விடியற்காலையில் பின்பக்கக் குழாயடியில் ரத்தமும் சிறுத்தையின் கால்தடமும் கிடந்தன. அவள் புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். "அவனே எகிறிக் குதிச்சு வெளிய போயிருப்பான்" என்றான். அவள் அழவில்லை. வாசலில் நின்று மலையைப் பார்த்து, "தின்னவனுக்கும் செரிக்கக்கூடாது, தின்னக் குடுத்தவனுக்கும் செரிக்கக்கூடாது" என்றாள். கோழி காணாமல் போனால்கூட அந்தத் தெருவில் எல்லாரும் சொல்கிற பேச்சுதான். அதனால் யாருக்கும் ஒரு ஏப்பம்கூட அதிகம் வந்ததில்லை. இவள் சொன்னது பலித்ததற்குக் காரணம், இவள் கோபத்தில் கலப்படம் இல்லை என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள்.

பால்காரர் வந்து சொன்னபோது வேன்காரன் சுவரில் சாய்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தான். ஒரு வாரமாகத் தின்றது தின்றபடியே நிற்கிறது என்று இஞ்சித் தண்ணீர், சோடா, மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று. அவள் கம்பி முறுக்கும் குறட்டை மேசைமேல் வைத்தாள். அவன் வயிற்றைப் பார்த்தாள்.

"தின்னவன் யாருன்னு தெரிஞ்சுபோச்சு. குடுத்தவன் யாரு?"

அவன் எழுந்துபோய் வேன் சீட்டுக்கடியிலிருந்து நாய்ச் சங்கிலியை எடுத்துவந்தான். "எங்க அக்கா வந்திருந்தா இல்ல, சோத்துல நாய் முடி விழுதுன்னா. ஒரு ராத்திரிதானேன்னு குழாயடியில கட்டினேன்."

"ஓடவாவது விட்டிருக்கலாமேய்யா" என்றாள். "உன்னைவிட வேகமா ஓடுவான் அவன்."

சங்கிலியை அவன் உட்கார்ந்து சாப்பிடும் இடத்துக்கு நேர் எதிரே ஆணியில் மாட்டினாள்.

சிறுத்தையின் பாடு அதைவிட மோசம். பதுங்கிப் பதுங்கி மானை நெருங்கினால் வயிறு குரைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். கிழட்டு ஆடுகூடத் தப்பித்தது. விலா எலும்பு தெரிய, கட்டையன் சாப்பிடுகிற மத்தியான நேரத்துக்குச் சரியாக அது கடை வாசலில் வந்து நின்றது. அவள் ஸ்பானரை எடுத்து வீசினாள். அடி நெற்றியில் பட்டது, முனகியது வயிறு. அதற்குப் பிறகு அவள் எதையும் வீசவில்லை. கட்டையனின் தட்டில் எலும்பும் சோறும் போட்டுக் காலால் தள்ளிவிட்டு, "உனக்கில்ல, உள்ள இருக்கிறவனுக்கு" என்றாள். தினமும் போட்டாள், தினமும் திட்டினாள். வனத்துறை ஆட்கள் கூண்டோடு வந்து, குரைப்பைக் கேட்டு, இது தங்கள் இலாகாவா கால்நடை இலாகாவா என்று புரியாமல் திரும்பினார்கள். கால்நடை மருத்துவர் வயிற்றில் காது வைத்துப் பார்த்தார். நாய் நன்றாக இருக்கிறது, சாபத்தை எடுத்தால் சாயங்காலத்துக்குள் செரித்துவிடும் என்றார்.

வேன்காரன் கெஞ்சினான். "சாபத்துல என் பாதிய மட்டுமாவது எடுத்துடேன்."

"ஒரே மூச்சுல விட்டது. உனக்குச் செரிச்சா அவனும் செரிச்சுப் போயிடுவான்."

தெரு இரண்டுபட்டது. கட்டின புருஷன் பெரிசா, நாய் பெரிசா என்று கேட்டவர்களிடம், "நாய் எங்கிட்ட பொய் சொல்லல" என்றாள். மோட்டார்கள் வந்தன, போயின. வருஷங்களும் அப்படித்தான். வேன்காரன் இளைத்து, சட்டை மாட்டிய கம்பு மாதிரி ஆனான். அவள் கோபம் மட்டும் ஒரு சுற்றுக்கூட இளைக்கவில்லை. தணிந்தால் நாய் போய்விடுமே என்று அதையும் தீனி போட்டு வளர்த்தாள்.

ஒரு மத்தியானம் அவன் தள்ளாடிப் போய்ச் சிறுத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தான். தன் வயிற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "கட்டையா, நான்தான்டா கட்டினேன். தப்புடா" என்றான். சிறுத்தை தட்டிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. ஆனால் அதன் வால் ஆடியது.

மோட்டார்க்காரிக்கு அன்று வந்ததுதான் எல்லாவற்றிலும் பெரிய கோபம். "வெக்கங்கெட்டவனே, கட்டிப்போட்டவனுக்கா வாலாட்டுற?" என்று நாயைத் திட்டினாள். வால் இன்னும் வேகமாக ஆடியது. யாருக்காக இத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாளோ, அவனே மன்னித்துவிட்டான். கையிலிருந்த கம்பிச் சுருள் நழுவி உருண்டு போயிற்று. அவள் எடுக்கவில்லை. கடித்த பல்லைத் திறக்காமலே, "செரிக்கட்டும்" என்றாள்.

சாயங்காலம்வரை குரைப்பு சன்னமாகிக்கொண்டே வந்தது. கடைசியில் இரண்டு கேட்டது. தும்மலுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. சிறுத்தை எழுந்து மலைக்குப் போய்விட்டது. அதற்கப்புறம்தான் அவள் மேசைக்கடியில் தலையை வைத்து அழுதாள்.

உள்ளே வேன்காரன் இரண்டு தட்டுச் சோறு தின்று ஏப்பம் விட்டான். கை கழுவியதும் சங்கிலியைக் கழற்றப் போனான்.

"அதைத் தொடாதே" என்றாள். "சாபத்தைத்தான் எடுத்தேன். கோபத்தை எடுக்கல."

மறுவாரம் மத்தியானம் அவள் வார்னிஷ் பூசிக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ தும்மினார்கள். கொழுத்துப் பளபளவென்று சிறுத்தை நின்றது, வயிற்றில் சத்தமில்லை. தும்மியது அதுவேதான். பால்காரர் ஒதுங்கி வழிவிட்டுப் போனார். அவள் டப்பாவை மூடினாள். "சனியனே" என்று சொல்லித் தட்டைக் காலால் தள்ளினாள்.