சொல்லு என்று சொல்ல ஓர் ஆள்

அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தின் வடபகுதியில் வாழ்ந்த கறுப்பினப் பெண்களுக்கு, பெரிய ஆஸ்பத்திரியின் சுழல்கதவைத் தாண்டியதும் வலியைப் பற்றிய பேச்சு மட்டும் வாயிலிருந்து வெளியே வராது. மற்ற பேச்சுக்கெல்லாம் குறைவில்லை. வண்டியை எங்கே நிறுத்துவது, காப்பி எந்த மாடியில் கிடைக்கும் என்று கேட்டால் எதிரில் இருப்பவர் காதில் தெளிவாக விழும். தலை வலிக்கிறது, வயிற்றில் பிள்ளை அசையவில்லை என்று தொடங்கினால் உதடு அசையும், சத்தம் இருக்காது. ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்த வெள்ளைக்காரப் பெண்கள் தும்மினால்கூட நர்ஸுகள் ஓடி வருவார்கள். பனிக்காலத்தில் குழாய் உறைவதைப் போல வடபகுதிக்காரர்கள் இதையும் ஒரு தொல்லையாக எடுத்துக்கொண்டார்கள். சவப்பெட்டிக்காரர் மட்டும் முழ நீளப் பெட்டிகளை அதிகமாகத் தருவித்து வைத்தார்.

வெர்னீட்டா பஸ் ஓட்டுபவள். கடைசி சீட்டில் தூங்குகிறவனை முன்னாலிருந்தே எழுப்பிவிடும் தொண்டை அவளுக்கு. அந்தத் தொண்டையும் சுழல்கதவோடு சரி. முதல் பிள்ளைக்கு எட்டாம் மாதம் கால் வீங்கி, கண் மங்கி, மண்டை பிளந்தபோது அவள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். "வேற ஏதாவது கேக்கணுமா?" என்று சிரித்த முகத்தோடு கேட்டுவிட்டு நர்ஸ் போய்விட்டாள். பையன் காலையில் பிறந்து மாலையில் போனான். கெல்வின் என்று பேர் வைக்க மட்டும் நேரம் இருந்தது. அந்த வருஷமே நகரச் சுகாதார அதிகாரிகள் கூட்டம் போட்டு, வெள்ளைக் குழந்தை ஒன்று சாகிற இடத்தில் கறுப்புக் குழந்தை மூன்று சாகிறது என்று படம் காட்டினார்கள். சிகரெட்டை விடுங்கள், கீரை சாப்பிடுங்கள் என்றார்கள். வெர்னீட்டா சிகரெட்டைத் தொட்டவளில்லை, கீரை இல்லாமல் அவள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமையே கிடையாது. அந்தக் கோபம் அவளுக்கு ஆறவே இல்லை.

வழி கிடைத்தது பழக்கதோஷத்தால். வெர்னீட்டா போகும் கிறிஸ்தவச் சபையில் யார் எழுந்து பேசினாலும் மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள், வாக்கியம் பாதியில் இருக்கும்போதே "சொல்லு!" என்று நாலு பக்கமும் பதில் கொடுப்பார்கள். கோயிலில் ஆட்களை வரவேற்று உட்காரவைக்கும் பெண்களுக்குத் தலைவி ஒடெஸா, ஒரு நாள் தங்கை மகளோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். டாக்டர் முன்னால் அந்தப் பெண் வெறுமனே வாயசைக்க, ஒடெஸா தன்னை மறந்து, "சொல்லு தாயி, சொல்லு!" என்றாள். "ரத்தம் போகுது டாக்டர்" என்று கணீரென்று குரல் வந்தது. டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

அதன்பின் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கெல்லாம் துணைக்கு ஆள் அனுப்புவதென்று சபை முடிவு செய்தது. ஒடெஸாவின் கூட்டம் வெள்ளைச் சீருடை, வெள்ளைக் கையுறை சகிதம் விறைப்பாகக் கிளம்பியது. அங்கேதான் கெட்டது. சீருடை போட்டால் வாயைத் திறக்கக் கூடாது, கைச்சாடைதான் என்பது கோயிலில் அவர்களுக்கு ஊறிப்போன விதி. கட்டிலருகே நின்று கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் அவர்களை நர்ஸுகள் என்று நினைத்து, போர்வை கொண்டுவரச் சொல்லி விரட்டினார்கள். அந்த வாரம் ஒரு குழந்தை செத்தது. அடக்கம் முடிந்ததும் ஒடெஸா கையுறையைக் கழற்றித் தரையில் போட்டாள். "இனி அவங்கவங்க வீட்டுத் துணியில போங்கடி. போன எடத்துல வாய மூடிட்டு நின்னா நானே தொலைச்சிடுவேன்" என்றாள்.

வெர்னீட்டாவுக்கு மறுபடியும் எட்டாம் மாதம் கால் வீங்கியது. ஒடெஸாவோடு போனவள் சுழல்கதவின் முன்னால் நின்றுவிட்டாள்.

"பயமா இருக்குக்கா. இதையும் பொட்டியில வெச்சுத் தந்துட்டாங்கன்னா?"

"தருவாங்க தருவாங்க. நான் எதுக்கு வந்திருக்கேன், காப்பி குடிக்கவா? நடடி."

நர்ஸ் உதட்டில் விரல் வைத்து அதட்டினாள். ஒடெஸா அசரவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் "சொல்லு!" போட்டு, வெர்னீட்டாவின் தலைவலியையும் கண் மங்கலையும் ஒவ்வொன்றாக வெளியே இழுத்தாள். டாக்டர் ஓடி வந்தார். வயிற்றைக் கிழித்துப் பெண் குழந்தையை எடுத்தார்கள்.

குழந்தை வாயைத் திறந்தது. சத்தமில்லை. திறந்து மூடியது, மறுபடி திறந்தது. "சமத்து, அழவே இல்ல பாருங்க" என்று நர்ஸ் துணியைச் சுற்றினாள். ஒடெஸாகூட அதை நம்பித் தலையாட்டினாள். வெர்னீட்டாதான் பாதி மயக்கத்தில் கையை ஊன்றி எழுந்து, பஸ் ஓட்டும் குரலில் கத்தினாள்: "சொல்லுடி என் கண்ணே!"

குழந்தை வீறிட்டது. மூச்சு முட்டுகிறது என்பதுதான் அந்த அழுகை என்று அப்போது எல்லோருக்கும் கேட்டது. குழாய் வைத்தார்கள், குழந்தை பிழைத்தது. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். வெர்னீட்டா மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள்.

"அவனும் இப்படித்தான்க்கா வாயத் தொறந்தான், சாயங்காலம் வரைக்கும். கொட்டாவி விடுறான்னு நெனச்சு நான் சிரிச்சேன்."

ஒடெஸா போர்வையை இழுத்து அவள் தோளை மூடினாள். சுழல்கதவு இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. வடபகுதியில் இப்போது குழந்தை கொட்டாவி விட்டால்கூட, பக்கத்தில் யார் இருந்தாலும், பஸ்ஸுக்கு நிற்கும் அன்னிய ஆண்கள்கூட, குனிந்து "சொல்லு" என்கிறார்கள்.