செல்வம்மாள் இழுக்காத கால்

1

இது முதலில் கதையாக இருக்கவில்லை. ஒரு பக்க விளம்பரமாக இருந்திருக்க வேண்டியது. தொண்ணூற்று நான்கில் பெங்களூர்ச் சுற்றுலா ஆஃபீஸ் ஒன்று என்னைக் கூப்பிட்டு, ‘ஓசூர் பக்கம் ஒரு நாள்: கூத்து, நாட்டு வைத்தியம், கிராமத்துச் சாப்பாடு’ என்று தமிழில் எழுதித் தரச் சொன்னது. படிக்கிறவன் உடனே வண்டி ஏற வேண்டுமாம். நானும் பேனாவைத் திறந்தேன்.

“காலம் உறைந்து நிற்கும் அந்தச் சிற்றூரில், மூலிகை மணக்கும் காற்றில்...”

(விட்டுவிட்டேன். பாகலூர்ப் பக்கம் காற்றில் மணப்பது சாணமும் டீசலும். காலமும் உறையவில்லை. காலை ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ் ஐந்தே முக்காலுக்கே வந்து ஹாரன் அடிக்கிறது.)

நேரில் பார்த்துவிட்டு எழுதலாமென்று போனேன். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் செல்வம்மாள் தக்காளித் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். வந்த காரணத்தைச் சொன்னேன். அவள் நிமிரவில்லை.

“மத்திகிரியில அதியான்னு ஒரு பொண்ணு இருக்குது. அதுகிட்ட கேட்டுட்டு வா. அப்புறமும் எழுதணும்னு தோணுச்சுன்னா எழுதிக்க.”

போனேன், கேட்டேன். விளம்பரம் அன்றோடு செத்தது.

2

அதியாவை எப்படி உள்ளே கொண்டுவருவது? “புளி வியாபாரி மெஹபூப் பாஷாவின் மூத்த மகள்” என்று ஆரம்பித்து அடித்தேன். அப்பா பெயரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற பெண் அவள் இல்லை.

எண்பத்தொன்பதில் அவளுக்கு வயது இருபத்துநான்கு. வீட்டில் தமிழ், சந்தையில் கன்னடமும் தெலுங்கும், படிப்பில் இங்கிலீஷ், பெங்களூர் அத்தை வீட்டுப் பழக்கத்தில் இந்தி. ஐந்து பாஷை பேசத் தெரிந்த அவளை வேறொரு சுற்றுலா ஆஃபீஸ் ஞாயிற்றுக்கிழமை வழிகாட்டியாக வைத்திருந்தது. அந்த ஐந்திலும் தான் பார்த்த வேலை பொய் சொல்வதுதான் என்று அவளே என்னிடம் சொன்னாள்.

செல்வம்மாள், “கை முறிஞ்சவன் என்ன கரடியா, இத்தன பேரு சுத்தி நின்னு பாக்கறதுக்கு?” என்பாள். அதியா இந்தியில், “உங்களைப் பார்த்ததில் அவருக்கு ரொம்பச் சந்தோஷமாம்” என்பாள். வந்தவர்கள் கை கூப்புவார்கள். மேனேஜர் நாராயணப்பன் தலையாட்டுவார். ஒரு வருஷம் இப்படிப் போயிற்று.

அதியா அதைப் பொய் என்று நினைக்கவில்லை, மரியாதை என்று நினைத்தாள்.

(இந்த வரியை வைப்பதா எடுப்பதா என்று மூன்று நாள் யோசித்தேன். அவளைக் காப்பாற்றுகிற மாதிரி இருக்கிறது. அவளிடமே காட்டினேன். “உண்மைதானே, இருக்கட்டும்” என்றாள்.)

3

அப்படி ஒரு ஞாயிறு, வேனில் பம்பாய்க்காரர்கள் ஏழு பேர். வேன் வருமுன்பே, செல்வம்மாள் வீட்டை ஒட்டிய கூத்துத் திடலில் ஒரு சண்டை முடிந்திருந்தது. கூத்து ஆட ஒப்புக்கொண்டிருந்த முனிவேல் சிப்காட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். அவனிடம் நாராயணப்பன், பாஞ்சாலி துகிலுரிதலை நாற்பது நிமிஷத்தில் முடித்துக் காட்டச் சொல்லியிருந்தார்.

“பாஞ்சாலி சேலைய நாப்பது நிமிஷத்துல உருவறதுக்கு இது என்ன துணிக்கடையா?” என்றான் முனிவேல், முகத்தில் பாதி அரிதாரத்தோடு. “பகல்ல ஆடறதுன்னா படுகளந்தான் ஆடுவன். இஷ்டம்னா உக்காரச் சொல்லுங்க.” *

“ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோப்பா.”

“அதெல்லாம் லேத்துல பண்ணுவன். இங்க மாட்டன்.”

வேனில் கால் வைத்து இறங்குகிற படித்தகடு இரண்டு வாரமாக ஒரே போல்ட்டில் ஆடிக்கொண்டிருந்தது. டிரைவர் ஷௌகத் அலி அதை ஆஃபீசில் இரண்டு தரம் சொல்லியிருந்தார். செல்வம்மாள் வீட்டு முன்னால் வேன் நின்றதும் ஆறு பேர் இறங்கினார்கள். ஏழாவதாக இறங்கிய கெல்கர் அம்மாள் (ஐம்பத்தெட்டு வயது, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட டீச்சர்) கால் வைத்தபோது தகடு திரும்பிக்கொண்டது. இடது கணுக்கால் அடியில் மாட்டி, முழு உடம்பும் அதன்மேல் விழுந்தது.

ஓடிவந்து முதலில் தாங்கியது நாராயணப்பன். தன் ஸ்வெட்டரைக் கழற்றிச் சுருட்டி அந்தக் காலுக்கு அடியில் வைத்ததும் அவர்தான். (இதை எழுதினால் பிற்பாடு அவரை வெறுக்க உங்களுக்கு வசதியாக இருக்காது. அதற்காக நடந்ததை விட முடியாது.)

செல்வம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். காலைத் தூக்கவில்லை, திருப்பவில்லை. இரண்டே விரலால் கணுக்காலைத் தொட்டாள். பிறகு கால்விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். கையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

என் முதல் பிரதியில் இந்த இடம் வேறு மாதிரி இருந்தது. “பச்சிலைச் சாறு பட்டதும் வீக்கம் மெல்ல...”

(மெல்ல ஒன்றும் ஆகவில்லை. படித்தால் செல்வம்மாள் என்னைக் களைக்கொத்தோடு துரத்துவாள்.)

“உள்ள எலும்பு துண்டா நிக்குது. வெரலு சில்லுனு கெடக்குது, ரத்தம் எறங்கல. இது என் கையில ஆவற வேல இல்ல. இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க.”

நாராயணப்பன் குனிந்து அவளிடம் தாழ்ந்த குரலில் பேசினார். “போலாம்மா. அதுக்கு முன்னால மூங்கில் பத்தைய வச்சு ஒரு கட்டு மட்டும் போடுங்க. ஒரே ஒரு போட்டோ. இவங்க இதப் பாக்கத்தான அவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்காங்க.”

“கட்டுனா அந்தக் காலு போயிடும்.”

கெல்கர் அம்மாள் வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு, “என்ன சொல்கிறார்?” என்று இந்தியில் அதியாவைக் கேட்டாள்.

“சாதாரணச் சுளுக்கு, கட்டுனா செரியாயிடும்னு சொல்லு” என்றார் நாராயணப்பன்.

அதியா வாயைத் திறந்தாள். ஒரு வருஷப் பழக்கத்தில் நாக்கு தானாகவே இனிப்பைத் தேடிப் போயிற்றாம். அதை இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு வார்த்தையாக, எல்லாரும் கேட்கச் சொன்னாள். எலும்பு உடைந்திருக்கிறது. ரத்தம் ஓடவில்லை. இது தன்னால் முடியாது, உடனே ஆஸ்பத்திரி போக வேண்டும் என்கிறார். போட்டோவுக்காக ஒரு கட்டுப் போடச் சொல்லி எங்கள் மேனேஜர் கேட்டார். போட்டால் கால் போய்விடும் என்று அவர் மறுத்துவிட்டார்.

கேமராக்கள் இறங்கின.

“ஷௌகத் பாய், வண்டி எடுங்க” என்றாள் அதியா.

* படுகளம்: பாரதக் கூத்தின் பதினெட்டாம் நாள். தொடை முறிந்த துரியோதனன் மண்ணில் கிடந்தபடி கடைசி வரை பணிய மறுக்கும் இடம். இந்தப் பக்கம் அது பகலில்தான் நடக்கும்.

4

ஆளைத் தூக்கப் பலமுள்ளவன் வேண்டியிருந்தது. கிரீடத்தை மட்டும் கழற்றிவிட்டு முனிவேல் வந்தான். தோளில் புஜக்கட்டை, நெஞ்சில் கண்ணாடிப் பதக்கம், முகம் முழுக்கச் சிவப்பு. ஓசூர் ஆஸ்பத்திரி வாசலில் துரியோதனன் ஒரு பம்பாய் டீச்சரைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது, வரிசையில் நின்றவர்கள் சொல்லாமலே வழி விட்டார்கள்.

டாக்டர் ஊசி போட்டு, விரலில் ரத்தம் ஓடும்படி காலை நேராக்கி வைத்து, எக்ஸ்ரேக்குக் காத்திருக்கச் சொன்னார். வராந்தா பெஞ்சில் காத்திருந்தார்கள். கெல்கர் அம்மாள் முனிவேலைப் பார்த்து, “இவர் யார் வேஷம்?” என்றாள்.

“துரியோதனன்.”

“தொடையை உடைத்துக்கொண்டவன். எனக்குக் கணுக்கால்தான். நான் கொடுத்துவைத்தவள்.”

அதியா அதைத் தமிழில் சொன்னதும் முனிவேல் சிரித்தான். பிறகு, யாரும் கேட்காமல், உட்கார்ந்தபடியே ஆரம்பித்தான். மிருதங்கம் இல்லை, ஆர்மோனியம் இல்லை. பெஞ்சுப் பலகையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு தாழ்ந்த குரலில் பாடினான். களத்தில் கிடக்கிறவனிடம் ஒவ்வொருவராக வந்து, தோற்றேன் என்று ஒரு சொல் சொல்லிவிடு என்கிறார்கள். அவன் மாட்டேன் என்கிறான். தண்ணீர் தருகிறோம், சொல் என்கிறார்கள். மாட்டேன் என்கிறான். அதியா ஒவ்வொரு அடியையும் கெல்கர் அம்மாளின் காதருகே இந்தியில் சொன்னாள். கூட்டிச் சொல்லவில்லை, குறைத்துச் சொல்லவில்லை. கைக்கட்டோடு நின்ற ஒரு கன்னடத்துக் கிழவர் தனக்கும் சொல்லச் சொன்னார். அவருக்கும் சொன்னாள். ஒரு நர்சு வெளியே வந்து, சத்தம் வேண்டாமென்று சொல்ல வாயெடுத்து, கதவில் சாய்ந்து நின்றுவிட்டாள்.

பாடியவனுக்கே துரியோதனன் நல்லவனா என்பதில் சந்தேகம் உண்டு. “கெட்டவன்தான். ஆனா படுத்துக் கெடக்கறப்பவும் அவன் சொல்லு அவனோடது” என்றான் முனிவேல்.

5

பன்னிரண்டு நாள் கழித்து ஆஃபீசில் அதியா முன்னால் டைப் அடித்த தாள் ஒன்றை வைத்தார்கள். கெல்கர் அம்மாளின் மகன் பம்பாயில் வக்கீல். படித்தகடு பற்றி நோட்டீஸ் அனுப்பியிருந்தார். தாளில் இருந்தது இதுதான்: வேனில் ஏற்பட்டது வெறும் சுளுக்கு. செல்வம்மாள் என்ற போலி வைத்தியச்சி காலைப் பிடித்து இழுத்ததால்தான் எலும்பு உடைந்தது. பக்கத்தில் நின்று பார்த்த சாட்சி, அதியா.

“போலீசுக்கும் ஒரு காப்பி போகும், சும்மா ஃபார்மாலிட்டி” என்றார் நாராயணப்பன். அவர் கண் தாளைவிட்டு நகரவில்லை. “எனக்கும் மேல ஆளு இருக்காங்க, அதியா. ரெண்டு பேரு வேலையும் இதுலதான் இருக்குது.”

“அந்தக்கா கால இழுக்கல சார். ரெண்டு வெரலுலதான் தொட்டாங்க.”

“வந்தவங்க எல்லாம் பம்பாய் போயிட்டாங்க. இங்க யாருக்குத் தெரியும் அது?”

“எனக்குத் தெரியும் சார்.”

அவள் தாளுக்கு அடியில் கார்பனும் ஒரு வெள்ளைத் தாளும் வைத்து, பேனாவை எடுத்தாள். டைப் அடித்த வரிகளைக் குறுக்கே ஒரே கோடாக அடித்தாள். அதன் கீழே இங்கிலீஷில் எழுதினாள்: படித்தகடு உடைந்திருந்தது, டிரைவர் முன்னமே சொல்லியிருந்தார், செல்வம்மாள் கட்ட மறுத்தார், கட்டச் சொன்னது ஆஃபீஸ். எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டினாள், பிறகு கன்னடத்தில். டைப்பிஸ்ட் டைப் அடிப்பதை நிறுத்தினாள். அதியா கீழே கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, கார்பன் காப்பியை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

“வேலைக்கு இனிமே வர வேண்டியதில்ல” என்றார் நாராயணப்பன்.

“தெரியும் சார். எழுதறப்பவே தெரியும்.”

கார்பன் காப்பி அன்று மாலையே பம்பாய் வக்கீலுக்கு ரிஜிஸ்டர் தபாலில் போயிற்று. செல்வம்மாள் வீட்டுக்குப் போலீஸ் வரவில்லை.

6

முடிவுக்கு மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) கெல்கர் அம்மாள் கைத்தடியோடு திரும்பி வருகிறாள். முழுப் படுகளமும் பார்க்கிறாள். (இனிப்பு அதிகம்.)

(ஆ) ஆஃபீஸ் மன்னிப்புக் கேட்கிறது. (எந்த ஊரில்?)

(இ) பம்பாயிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. இது மட்டும் எனக்கு வேண்டியிருந்தது. அதியாவிடம் கேட்டேன். ஓசூரில் ஒரு கம்பெனி கேட்டில் ரிசப்ஷனிஸ்டாக இருந்தாள். அன்று எதிரே ஒரு தெலுங்கு லாரிக்காரரும் ஒரு ஜப்பான்காரரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“லெட்டர் வந்துதா அதியா?”

“வந்தா என்ன, வராட்டி என்ன? நான் லெட்டருக்கா எழுதினேன்?”

சொல்லிவிட்டு லாரிக்காரர் பக்கம் திரும்பிக்கொண்டாள். நானும் வற்புறுத்தவில்லை. ஆகவே கடிதம் உங்கள் பொறுப்பு. வரவழையுங்கள், தொலைத்துவிடுங்கள், கால் தேறியதென்று எழுதுங்கள், தேறவில்லையென்று எழுதுங்கள். நாராயணப்பனை மன்னிக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. அந்தத் தாளில் இருக்கும் கையெழுத்தை மட்டும் தொடாதீர்கள். அது நான் கதைக்காகப் போட்டது இல்லை, அவள் போட்டது.