கம்பெனி பொருளும் காணாமல் போன ஓட்டுகளும்

அந்த இன்சூரன்ஸ் அலுவலகத்தில் சாமான் வாங்கும் பிரிவு குமாஸ்தாவின் சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டுமே தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் 'கம்பெனி'. குண்டூசியைக் கொடுத்தாலும் யார் தயாரிப்பு என்று டப்பாவைத் திருப்பிப் பார்த்த பிறகே குத்துவார்.

ஊழியர் சங்கச் செயலாளர் பதவிக்கு அவர் நிற்பது இது நான்காவது முறை. "இந்தத் தடவையும் மண்ணைக் கவ்வினா, என் தங்கச்சி முகத்துல நான் எப்படி முழிக்கிறது?" என்று மனைவி கேட்டிருந்தாள். சகலை தன் அலுவலகச் சங்கத்தில் போட்டியே இல்லாமல் தலைவராகிவிட்டார்.

ஆகவே, தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பே நாற்பது மேஜைகளுக்கும் புது மவுஸ் வந்து இறங்கியது. பன்னிரண்டு வருடமாக அவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் அதே கம்பெனி. ரெக்கார்டு ரூம் ஏழு பேருக்கு மட்டும் நாமம்; பழைய மவுஸே கதி. எதிர்த்து நின்றவர் அங்கேதான் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் வாரமே டைப்பிஸ்ட் வந்து நின்றாள். "அண்ணே, இந்த மவுஸ் ஒரு தட்டு தட்டினா ரெண்டா எடுத்துக்குது. எந்த ஃபைலைத் தொறந்தாலும் ரெட்டைக் குழந்தை."

"உங்க விரலைப் பாருங்கம்மா. கம்பெனி பொருள்ல குறை வராது."

"விரலும் கம்பெனி பொருள்தாண்ணே. எங்கம்மா தயாரிப்பு."

தேர்தல் நாளில் அவரவர் கம்ப்யூட்டரிலேயே ஓட்டு. பெயருக்கு எதிரே ஒரு தட்டு தட்டினால் டிக் விழும். மறுபடி தட்டினால் அழியும். பதினோரு மணிக்குத் தானாக மூடிக்கொள்ளும். தட்டிவிட்டுத் திரையைப் பார்க்காமல் டீக்கு எழுந்து போவது அந்த அலுவலகத்தின் நூற்றாண்டுப் பழக்கம். அன்றும் போனார்கள். கம்பெனியும் தன் பெயரைத் தட்டிவிட்டுக் கம்பீரமாகப் போனார்.

பதிவானவை ஏழு ஓட்டுகள். ஏழும் ரெக்கார்டு ரூம்காரருக்கு.

"என் ஓட்டு எங்கய்யா?" என்று கம்பெனி அலறினார். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர் வந்து, மாதிரி ஓட்டுச்சீட்டு ஒன்றைத் திறந்து, அவருடைய மவுஸை ஒரே ஒரு தட்டு தட்டிக் காட்டினார். டிக் விழுந்தது, கண்ணடித்தது, போயே போய்விட்டது.

மேனேஜர் நல்ல மனிதர். "புது மவுஸெல்லாம் சரியில்லைன்னு ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நாளைக்கே மறுதேர்தல் வச்சிடலாம். நாப்பது பேரும் உங்க ஆளுங்கதானே?"

கம்பெனி பேனாவைத் திறந்தார். மனைவி, மைத்துனி, சகலை என்று வரிசையாகக் கண்முன் வந்தார்கள். கை காகிதம்வரை போய் நின்றது.

அப்போது ரெக்கார்டு ரூம்காரர் தன் மவுஸோடு வந்தார். எழுத்தெல்லாம் அழிந்து, பட்டன் வழுக்கைத் தலையாய்ப் பளபளத்தது. "மறுதேர்தல்ல இதை வச்சுக்குங்க சார். பன்னெண்டு வருஷமா ஒரு தட்டுக்கு ஒரு தட்டுதான்."

கம்பெனி அதை வாங்கி, வழக்கம்போல் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கம் அதே முத்திரை. முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா சார்! நான் சொன்னேன்ல? கம்பெனின்னா கம்பெனிதான்!"

பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "குறையெல்லாம் நம்ம ஜனங்க விரல்லதான். அப்படியே எழுதிக்குங்க." பிறகு புதிய செயலாளருக்குக் கைகொடுத்து, ரெக்கார்டு ரூமுக்கும் ஏழு புது மவுஸ் வாங்கித் தருவதாக வாக்களித்தார்.

புதிய செயலாளர் பழையதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்.