கிரவுனுக்குப் பின்னால்

அரையிறுதி முடிந்து தன் ரிமோட் காரைக் கையில் தூக்கிக்கொண்டு வரும்போதே, பின்சக்கரங்களைச் சுழற்றும் டிஃப் போய்விட்டது என்று ஹெஸ்டருக்குத் தெரிந்துவிட்டது. சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்தாள். சோற்றில் கல்லைக் கடித்த மாதிரி நறநறவென்றது. இந்த வருஷத்தில் இது மூன்றாவது முறை.

"டெர்ஷியஸ்!" என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினாள்.

அவள் புருஷன் டிராக்கின் நடுவில் ஆரஞ்சு நிற மேல்சட்டையோடு நின்றுகொண்டிருந்தான். க்ளெர்க்ஸ்டார்ப் கிளப்பில் அது சட்டம். தன் ரேஸ் முடிந்ததும் அடுத்த ரேஸுக்கு டிராக்கில் நின்று, கவிழும் கார்களை நிமிர்த்திவிட வேண்டும். பெண்களில் ஒருத்திக்கு மட்டும் விலக்கு உண்டு, மதியச் சாப்பாட்டுப் பொறுப்பில் இருப்பவளுக்கு. இந்த மாதம் அது ஹெஸ்டர்.

"என்னாச்சு?"

"டிஃப் மறுபடியும் அரைக்குது."

"ஜம்ப்லேருந்து எறங்கும்போது ஆக்ஸிலேட்டர அழுத்தாதன்னு எத்தன தடவ சொல்றது? அப்படியே வை. நான் வந்து பாக்குறேன்."

பக்கத்தில் நின்றிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். "பல்லுப்புடுங்கி இன்னைக்கும் புடுங்கிட்டாளா?" என்றான் ஒருத்தன்.

ஹெஸ்டர் பல் டாக்டரிடம் உதவியாளராக வேலை பார்ப்பவள். இரண்டு வருஷமாக அவளுடைய காரில் மட்டும் கியர் பல் உடைந்துகொண்டே இருந்ததால் கிளப்பில் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவளும் சிரித்து வைப்பாள். தன் கையில்தான் ஏதோ கோளாறு என்று அவளே நம்பியிருந்தாள். ஜம்ப்பில் கார் காற்றில் இருக்கும்போது விரலைத் தளர்த்தி, சக்கரம் தரையைத் தொட்டபிறகு மெதுவாக அழுத்தப் பழகியிருந்தாள். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் பின்தங்கினாள். ஆனாலும் பல் உடைவது நிற்கவில்லை.

தன் மேசைக்கு வந்தாள். தகரக் கூரைக்குக் கீழே நீளமாகப் போட்ட பலகைதான் எல்லோருக்கும் மேசை. பழைய தங்கச் சுரங்கத்தின் கழிவு மேட்டிலிருந்து காற்று மஞ்சள் தூசியை வாரிக்கொண்டு வந்து போட்டது. துணியால் பலகையைத் துடைத்தாள். டெர்ஷியஸ் வர இன்னும் ஒரு ரேஸ் முடிய வேண்டும். அவன் வந்து உட்கார்ந்தால் உடனே இறுதிப் போட்டிக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். போன முறையும் அப்படித்தான். அவன் அவசரமாகத் திறந்து, கிரீஸ் தடவி மூடி, "இத வெச்சு ஓட்டு" என்றான். ஐந்து நிமிஷத்தில் கார் நின்றுவிட்டது.

"அக்கா, திறக்கப் போறீங்களா?" என்று கேட்டான் பக்கத்து இடத்துக்காரன் மொடிசே. வங்கியில் வேலை. வாயில் எப்போதும் காய்ந்த மாட்டிறைச்சித் துண்டு ஒன்று இருக்கும்.

"திறந்தா என்ன? வெடிக்கவா போவுது?"

"வெடிக்காது. ஆனா அவர் திட்டுவாரு."

"திட்டட்டும்."

அவள் இதுவரை தன் கார் டிஃப்பைத் திறந்ததில்லை. இரண்டு கார்களையும் டெர்ஷியஸ்தான் சமையலறை மேசையில் வைத்துக் கழற்றி மாட்டுவான். அவள் எதிரில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு பார்ப்பாள். ஆனால் நூறு தடவை பார்த்த வேலை. எந்த ஸ்க்ரூ எங்கே போகும் என்பது கண்ணுக்குள்ளேயே இருந்தது.

கியர்பாக்ஸ் மூடி கழன்று வந்தது. உள்ளே இருந்து டிஃப்பை எடுத்தாள். உள்ளங்கையில் அடங்கும் உருண்டை. அதன் ஒரு பக்கத்தில் தட்டுப் போல கிரவுன் சக்கரம். மோட்டாரிலிருந்து வரும் சின்ன பினியன் சக்கரம் இந்தக் கிரவுனைக் கடித்துத்தான் சுற்ற வேண்டும். கிரீஸைத் துடைத்தாள்.

ஒரு பல் பாதி இல்லை. அது எதிர்பார்த்ததுதான். மற்ற பற்களையும் பார்த்தாள். எல்லாமே நுனியில் மட்டும் தேய்ந்து பளபளவென்றிருந்தன. அடியில் தேய்மானமே இல்லை. பல்லும் பல்லும் முழுசாகப் பொருந்தாமல் நுனியில் மட்டும் மோதினால் எப்படித் தேயும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிளினிக்கில் தினமும் பார்க்கிறாள்.

பேரிங்கை உருவிப் பார்த்தாள். கிரவுனுக்குப் பின்னால் ஷிம் எதுவும் இல்லை. காகிதம் போல மெல்லிய அந்த வளையங்கள் இரண்டும் எதிர்ப்பக்கத்தில் கிடந்தன. அங்கே போட்டால் ஆட்டம் நிற்கும், ஆனால் கிரவுன் பினியனை விட்டு விலகிப் போகும். பக்கம் மாற்றிப் போட்டிருக்கிறான். அவசரத்தில் யாருக்கும் வரும் தப்பு என்றுதான் முதலில் நினைத்தாள்.

அப்புறம் கிரவுனின் முதுகைத் திருப்பினாள். அங்கே ஒரு சிவப்புப் பொட்டு.

அவளுடைய நகப்பூச்சு. தொலைந்துவிட்டது என்று அவள் தேடிய பாட்டில் டெர்ஷியஸின் கருவிப் பெட்டியில் அகப்பட்டபோது, "என் பார்ட்ஸுக்கு அடையாளம் வைக்கிறேன், உன்னோடது கலந்துடக் கூடாதுல்ல" என்றிருந்தான். அவன் காரில் போடும் ஒவ்வொரு கிரவுனிலும் பொட்டு உண்டு. அவன் ஓட்டித் தேய்த்த கிரவுன் அவள் காருக்குள் இருந்தது.

உடைந்த பழையவற்றைப் போட்டு வைக்கும் டப்பாவைக் கவிழ்த்தாள். அவள் காரிலிருந்து வெளியே வந்தவை என்று அவளுக்குத் தெரிந்த மூன்று கிரவுன்கள். மூன்றிலும் பொட்டு.

அவள் எழுந்து டெர்ஷியஸின் பெட்டியைத் திறந்தாள். கீழ்த் தட்டில், உறை பிரிக்காத புது கிரவுன் பினியன் ஜோடி ஒன்று இருந்தது. உறையைப் பல்லால் கிழித்தாள்.

மொடிசே மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். "அக்கா, அது அவரோடது."

"தெரியும்."

பழைய கிரவுனை எடுத்து, எண்ணெய் சிந்தாமல் டிஃப்பை நிமிர்த்திப் பிடித்துப் புதியதை முடுக்கினாள். பினியனையும் மாற்றினாள். எதிர்ப்பக்கத்திலிருந்த ஷிம் இரண்டையும் கிரவுனுக்குப் பின்னால் கொண்டுவந்தாள். பொருத்தி, பினியனை விரலால் சுற்றினாள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் இறுகி நின்றது. அளவுக்கு மிஞ்சிய நெருக்கம். ஒன்றை எடுத்தாள். இப்போது கிரவுனை அசைத்தால் டக்டக்கென்று தாராளமாக ஆடியது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தடிமன் வேண்டும்.

அவர்கள் பெட்டியில் மெல்லிய ஷிம் ஒன்றே ஒன்று இருந்தது. அதை விரல்நுனியில் ஒட்டி எடுத்தபோது சுரங்க மேட்டிலிருந்து ஒரு காற்று வந்தது. ஷிம் போயே போய்விட்டது. மேசைக்குக் கீழே அரை அடி மஞ்சள் தூசி. அதில் தேடுவதும் ஒன்று, தேடாமல் இருப்பதும் ஒன்று.

"மொடிசே, உன்கிட்ட மெல்லிசு இருக்கா?"

அவன் இருமல் மிட்டாய் டப்பா ஒன்றை நீட்டினான். "எடுத்துக்கங்க. ஆனா தும்மிடாதீங்க. என் சொத்தே அதுலதான் இருக்கு."

கிளினிக்கில் பிடிக்கிற மாதிரியே சாமணத்தால் பிடித்து எடுத்தாள். தடித்தது ஒன்று, மெல்லியது ஒன்று. பொருத்தினாள். பினியன் ஒரே சீராகச் சுற்றியது, எங்கேயும் இறுகவில்லை. பினியனைப் பிடித்துக்கொண்டு கிரவுனை அசைத்தால், நகத்தால் கண்ணாடியைத் தொட்டது போல ஒரு மெல்லிய அசைவு மட்டும். அவ்வளவு இடைவெளி வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி சுற்றிப் பார்த்தாள். போதும்.

மூடியை முடுக்கிக்கொண்டிருந்தபோது டெர்ஷியஸ் வந்தான். முகமெல்லாம் தூசி. "தள்ளு, தள்ளு. நேரமில்ல." அப்புறம்தான் கிழிந்த உறையைப் பார்த்தான். "இது... ஹெஸ்டர், இது நான் எனக்காக வாங்கினது."

அவள் பொட்டு வைத்த கிரவுன்களை அவன் முன்னால் வரிசையாக வைத்தாள்.

"இது யாரோடது?"

அவன் பார்த்தான். ஒன்றை எடுத்துப் பொட்டை விரலால் தேய்த்தான்.

"கேக்குறேன்ல?"

"ஒரு காருக்குத்தான் புதுசு வாங்கக் கட்டுப்படியாகுது," என்றான். "பழசுல இன்னும் உயிரு இருந்துது. தூக்கிப் போட மனசு வரல. எனக்கு முன்னால வர வாய்ப்பிருக்கு, உனக்கு..."

"எனக்கு?"

"நீ சும்மா பொழுதுபோக்குக்குத்தான ஓட்டுற."

மொடிசே எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான். அவனுடைய பாட்டில் மேசையிலேயே நிறைந்திருந்தது.

"பழசப் போட்டதுக்கு நான் ஒண்ணும் சொல்லல," என்றாள் ஹெஸ்டர். "சொல்லிட்டுப் போட்டிருந்தா நானே சரின்னிருப்பேன். ரெண்டு வருஷமா ஊர் முன்னாடி என் கையக் குத்தம் சொன்ன பாரு. என் விரல நானே சந்தேகப்பட்டுட்டு இருந்தேன்டா."

"உடையுறதுக்கு அதுவும் ஒரு காரணம்..."

"ஷிம் எந்தப் பக்கம் போட்டிருந்தே? அதையாவது பாத்தியா?"

எந்தப் பக்கம் என்று அவள் காட்டினாள். அவன் ஒரு விரலால் நெற்றியைத் தடவினான். அங்கே தூசியில் ஒரு கோடு விழுந்தது. "அது வேணும்னு செஞ்சதில்ல," என்றான். அவளுக்கும் அது தெரியும்.

"கிளப்புக்காரங்ககிட்ட நீ சொல்லணும்," என்றாள். "எல்லாரும் இருக்கும்போது."

"ரேஸ் முடியட்டும்."

ஒலிபெருக்கியில், போட்டியை நடத்தும் கெர்ட் மாமா இறுதிப் போட்டிக்குக் கூப்பிட்டார்.

ஓட்டுபவர்கள் நிற்கும் மேடையில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இடம். முதல் ஜம்ப்பில் அவள் விரலைத் தளர்த்தினாள், பழக்கத்தில். இரண்டாவது சுற்றிலும் அப்படியே. மூன்றாவது சுற்றில், கார் இன்னும் காற்றில் இருக்கும்போதே அழுத்தினாள். கார் இறங்கியது, உதறியது, பாய்ந்தது. நறநறப்பு இல்லை. ஒவ்வொரு முறையும் அந்தச் சத்தத்துக்காகக் காதை வைத்துக்கொண்டே இருந்தாள். பாதி ரேஸுக்குப் பிறகு காதை எடுத்துவிட்டாள். எட்டாவதாகத் தொடங்கியவள் நாலாவதுக்கு வந்தாள். பிறகு முன்னால் போனவன் வளைவில் டிராக் ஓரக் குழாய் மீது ஏறிக் கவிழ்ந்தான். அவளுக்கு முன்னால் இப்போது டெர்ஷியஸின் நீலக் கார்.

அவள் நெருங்கினாள், ஆனால் தாண்ட முடியவில்லை. அவன் நன்றாகத்தான் ஓட்டினான். எப்போதும் நன்றாகத்தான் ஓட்டுவான். கடைசி வளைவில் உள்பக்கமாக நுழைந்து பார்த்தாள். அவன் குறுக்கே வந்து வழியை அடைத்தான். அவன் இரண்டாவது, அவள் மூன்றாவது.

மேடையிலிருந்து இறங்கும்போது, "எனக்குப் பின்னாடியே இருந்திருக்க," என்றான். "சத்தமே கேக்கல."

பரிசளிப்பு, தொத்திறைச்சி சுடும் அடுப்புக்குப் பக்கத்தில். மூன்றாவது பரிசை நீட்டிய கெர்ட் மாமா மைக்கில், "ஃபைனல்ல பல்லுப்புடுங்கி கருணை காட்டிட்டா! ஒரு பல்லுகூட விழல!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஹெஸ்டர் கோப்பையை வாங்கிக்கொண்டு டெர்ஷியஸைப் பார்த்தாள்.

அவன் தன் பரிசை வாங்கியதும் மைக்கைக் கேட்டான்.

"அந்தப் பல்லெல்லாம் அவ ஒடைக்கல," என்றான். "என் பழைய கிரவுன அவ கார்ல போட்டேன். ஷிம்மையும் மாத்திப் போட்டேன். இன்னைக்கு அவளே திறந்து சரி பண்ணிட்டா. அவ்வளவுதான்."

யாரோ விசிலடித்தார்கள். "அட பாவி!" என்றாள் கெர்ட் மாமாவின் மனைவி, இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு. சிலர் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பதா வேண்டாமா என்று நிறுத்திக்கொண்டார்கள். டெர்ஷியஸின் கழுத்து வரை சிவந்திருந்தது. அதைப் பார்த்து ஹெஸ்டருக்குச் சந்தோஷம் வரவில்லை, பாவமாகவும் இல்லை. சரி, சொல்லிவிட்டான் என்று மட்டும் தோன்றியது. சாப்பாட்டுப் பொறுப்பு அவளுடையதல்லவா, அடுப்புப் பக்கம் போய் ரொட்டிகளைப் பிளந்து வைத்தாள்.

வீட்டுக்கு வண்டி ஓட்டும்போது, ஊர் எல்லை வந்ததும், "இனிமே உனக்கும் புதுசே போடுறேன்," என்றான்.

"நீ போட வேணாம். வாங்கு. நான் போட்டுக்கிறேன். முடியலன்னா ஒரு சீசன் எனக்குப் புதுசு, ஒரு சீசன் உனக்கு."

அவன் அதை யோசித்தான். "சரி," என்றான். கொஞ்சம் கழித்து, "எத்தன ஷிம் போட்ட?"

"என் காருக்கு வேண்டியது போட்டிருக்கேன்."

"இல்ல, தடிமன் எவ்வளவுன்னு..."

"என்னோடது என்னோட காருக்கு, டெர்ஷியஸ். உன்னோடத நீ திறந்து சுத்திப் பாரு."

அவன் தலையாட்டினான். அவள் பின் சீட்டிலிருந்து மிச்ச ரொட்டிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, பாதியைப் பிய்த்து அவன் கையில் கொடுத்தாள்.